செயலாளரின் ஆண்டறிக்கை: பிளெண்டர் பயிற்சிப் பிரிவு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். கணினியில் முப்பரிமாண உருவங்கள் அமைக்கும் பிளெண்டர் மென்பொருளுக்கான பயிற்சி பற்றி மட்டும் இங்கே.

"விசையை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை." இவ்வாண்டும் அதிகம் வந்த முறையீடு இதுதான். விசைப்பலகையில் பழுதில்லை. மவுஸ் முனை எந்தப் பலகத்தின் மேல் நிற்கிறதோ, விசை அங்கேதான் போய்ச் சேரும். முனையை டைம்லைனில் (அசைவூட்டத்துக்கான காலக்கோட்டுப் பலகம்) விட்டுவிட்டு ஜி அழுத்தினால், முப்பரிமாணக் காட்சியில் உள்ள உருவம் நகராது.

நகர்த்த ஜி, திருப்ப ஆர், அளவு மாற்ற எஸ். உடனே எக்ஸ், ஒய், இசட் என அச்சைச் சொல்லி எண்ணையும் தட்டலாம். ஆர், இசட், 90, என்டர்: அவ்வளவுதான், கை நடுங்கினாலும் கோணம் பிசகாது. பலர் இன்னும் கண்ணளவில் இழுத்துக்கொண்டிருப்பது வருத்தம்.

இ விசையில்தான் உண்மையான சிக்கல். முகத்தை, அதாவது உருவத்தின் ஒரு தளத்தை, இ அழுத்திப் பிதுக்கத் தொடங்கி, வேண்டாமென வலது கிளிக் செய்தால் நகர்வு மட்டுமே ரத்தாகும். புதிதாகப் பிறந்த புள்ளிகள் பழையவற்றின் மேலேயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. பிறகு நிழலில் கறையும், பெவலில் (விளிம்பைச் சீவுவதில்) கோணலும் வரும்போதுதான் தெரியும். வலது கிளிக்குக்குப் பின் கன்ட்ரோல்-இசட்டும் அழுத்துங்கள். ஏற்கெனவே நடந்திருந்தால் எடிட் நிலையில் (உருவத்தின் புள்ளிகளைத் திருத்தும் நிலை) ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, எம் அழுத்தி, 'மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்' கொடுங்கள். எத்தனை புள்ளிகள் நீங்கின என்று கீழே காட்டும்.

தனி எண்பலகை (நம்பேட்) இல்லாத மடிக்கணினிக்காரர்கள் ப்ரிஃபரன்சஸில் (அமைப்புகள்) 'இன்புட்' பகுதிக்குப் போய் 'எமுலேட் நம்பேட்' போட்டால் மேல்வரிசை எண்களே பார்வையை மாற்றும்: 1 முன்புறம், 3 வலப்புறம், 7 மேலிருந்து. ஆனால் எடிட் நிலையில் புள்ளி, விளிம்பு, முகம் தேர்வதற்கு அதே 1, 2, 3 உதவாமல் போகும். நடுப்பொத்தான் இல்லாதவர்களுக்கு 'எமுலேட் 3 பட்டன் மவுஸ்' உண்டு. ஆல்ட்டோடு இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் காட்சி சுழலும்.

2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பிலிருந்து இடது கிளிக்கே இயல்பான தேர்வு. அதற்கு முந்தைய பாடங்கள் வலது கிளிக்கைச் சொல்வதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். வகுப்பில் இனி இடது மட்டுமே. வலது கிளிக்கில் பழகிய கைகள் ப்ரிஃபரன்சஸின் 'கீமேப்' பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றம் தானாகச் சேமிக்கப்படும், மூடித் திறந்தாலும் போகாது. ஆகவே பொதுக் கணினியில் மாற்றியவர் எழுந்து போகுமுன் பழையபடி வைத்துவிட வேண்டும்.