வாய்க்கா பங்களாவுல நனையற பழைய மதகு போட்டோக்களை காப்பாத்தி குடுக்கச் சொல்லி மனு

பெறுநர்: உயர்திரு ஆட்சியர் அய்யா அவர்கள்

அனுப்புநர்: கீழ்பவானி வாய்க்கா கடைமடை ஊர்க்காரங்க, எழுதறது பழைய லஸ்கர் (மதகு ஷட்டரை தொறந்து மூடற வேலைக்காரர்) ஒருத்தரோட பேரன்

பொருள்: முன்ன குடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வராதது சம்பந்தமா

அய்யா வணக்கமுங்க.

இதே விசயமா போன வருசமே திங்கக்கிழமை குறைதீர் நாள்ல வரிசைல நின்னு உங்க கைல மனு குடுத்தோம், ரசீது குடுத்தாங்க, செல்லுக்கு "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு, அதோட செரி. உரிய அலுவலர்கிட்ட போனா எனக்கு ஒண்ணும் வரலியேங்கறாரு. அதனால மறுபடியும் எழுதறோம், கோவிச்சுக்காதீங்க.

தங்களுக்கு தெரியாத எடமில்லீங்க. ஆகஸ்ட் 15 தண்ணி தொறப்பு முடிஞ்சு வாய்க்கா ரோட்டுல வந்தப்ப பெரிய புளியமரத்துக்கு பக்கத்துல காரை நிறுத்துனீங்களே, அதுக்கு எதிர்த்தாப்ல ஓட்டு கூரை போட்ட பழைய பங்களா, அதேதான்.

1. அங்க உள்ரூம்ல ஒரு மரபீரோ இருக்குதுங்க. பவானிசாகர் அணை வேலை 1948ல ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுது, அந்த சமயத்துல வாய்க்கா வெட்டுனது, மதகு கட்டுனது, ஷட்டர் எறக்குனது எல்லாம் போட்டோ புடிச்சு ஆல்பத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. 200 கிலோமீட்டர் மண் வாய்க்காலை வெட்டுனது யாரு, எப்படின்னு கண்ணால பாக்க எங்களுக்கு தெரிஞ்சு வேற எதுவும் இல்லீங்க.

2. கூரைல ஓடு பேந்து கெடக்குது.

3. இதாங்க பெரிய வெசனமே. ஒழுகற தண்ணி நேரா பீரோ மேல விழுந்து, பலகை ஊறி, உள்ள இருக்கற போட்டோ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மூஞ்சியோட மூஞ்சியா ஒட்டிக்கிச்சு. வாட்ச்மேன் அண்ணன் பாவம் பாத்து ஒருநா தொறந்து காட்டுனாரு. ஒரு போட்டோவை மெதுவா நகத்தால கெளப்புனாரு, மதகு செவுரும் திருகு கம்பியும் அப்படியே வந்துச்சு, பக்கத்துல மண்கூடையோட நின்ன பொம்பளைங்க வரலீங்க. அவங்க மூஞ்சி எல்லாம் பிரிஞ்சு போய் அடுத்த போட்டோவோட மூஞ்சில ஒட்டிக்கிச்சு. இந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையா ஓட்டை. அதுல எங்கூரு பொம்பளைங்களும் இருந்தாங்கன்னு எங்கப்பாரு, அதான் லஸ்கரா இருந்த எங்க தாத்தா, சொல்லுவாரு. கல்யாணத்துக்கே போட்டோ புடிக்காத காலமுங்க அது, அந்த சனங்களுக்கு இருந்தது அந்த ஒரு போட்டோதான். எங்கப்பாரு ஷட்டர் சாவியை தோள்ல போட்டுட்டு நிக்கற போட்டோவும் அந்த கட்டுலதான் இருக்குது, பிரிச்சா என்ன ஆகுமோன்னு பயந்துட்டு தொடாம வந்துட்டோம். ஐப்பசி மழை இன்னொண்ணு அடிச்சா கட்டு மொத்தமும் கூழுங்க அய்யா, தயவு பண்ணி கொஞ்சம் பாருங்க.

4. வெறும் ஆசைக்கு கேக்கறோம்னு நெனைக்காதீங்க. ஷட்டர் பக்கத்துல லெவல் பாக்கற ஸ்டாஃபை (கோடு போட்ட அளவு கம்பு) நிறுத்தி வெச்சு சில போட்டோ எடுத்திருக்காங்க, கோட்டை எண்ணி அளவு சொல்லிடலாம். மதகோட அடிமட்டம் முன்ன எங்க இருந்துச்சுன்னு மேமடைக்காரங்களும் நாங்களும் சண்டை போடாத வருசமே இல்ல. ஒற்றைப்படை நம்பர் மதகுக்கு தண்ணி உடற முறைலயும் அதே சண்டை, இரட்டைப்படை முறைலயும் அதே சண்டை. சாட்சி பீரோவுக்குள்ள இருக்குது, நாங்க வெளிய அடிச்சுக்கறோம்.

5. அப்புறம் இந்த லாக் (வாய்க்கால்ல படகை ஏத்தி எறக்கறதுக்கு கதவு போட்ட எடம்) போட்டோ விசயம். அதே பீரோவுல ஆந்திராவுல தவளேஸ்வரம் பக்கத்து கோதாவரி வாய்க்கா லாக் கேட், பக்கிங்காம் கால்வாய் லாக் கேட்ன்னு கீழ இங்க்ல எழுதுன போட்டோவும் கொஞ்சம் இருக்குதுங்க. அப்ப எல்லாம் ஒரே மெட்ராஸ் மாகாணம், இஞ்சினியருங்க அங்கயும் இங்கயும் மாறி மாறி வேலை பாத்தவங்க, யாரோ கொண்டாந்து வெச்சிருக்கோணும். "இது நம்ம வாய்க்கா இல்ல, பழைய பேப்பர்ல போட்டுரலாம்"ன்னு ஒரு ஆபீசர் தனியா எடுத்து கட்டி வெச்சுட்டு போயிருக்காருங்க! நம்ம வாய்க்கால்ல படகு போகாது, அதனால லாக்கும் இல்ல, செரி. அதுக்காக தூக்கி எறியறதா? காக்கிநாடால இருந்து மரக்காணம் வரைக்கும் வாய்க்கால்லயே படகு போய்ட்டிருந்த காலத்து போட்டோங்க அது. ஒண்ணுல ரெண்டு பக்கத்து மரக்கதவும் நடுவுல கூம்பா வந்து சேருது, மேல இருந்து வர்ற தண்ணி அழுத்த அழுத்த கதவு இன்னும் இறுகிக்கும், தாப்பா கூட வேண்டாம். ரெண்டு ஜோடி கதவுக்கு நடுவுல படகை நிறுத்தி, தண்ணியை உட்டா படகு மேல ஏறும், வடிச்சா எறங்கும். இதை எங்கூரு பள்ளிக்கூட புள்ளைங்களுக்கு காட்டுனா ஒரு பார்வைல புரிஞ்சுக்கும். பனாமா கால்வாய் வெட்டுனப்பவும் அதுக்கு பொறவும் போட்டோ எடுக்கறதுக்குன்னே எர்னஸ்ட் ஹாலன்னு ஒருத்தரை 1907ல இருந்து 1937 வரைக்கும் சம்பளம் குடுத்து வெச்சிருந்தாங்க, அந்த லாக் கேட் படமெல்லாம் இன்னிக்கு போன்லயே பாக்கலாம். நாம சம்பளமும் தர வேண்டாம், எடுத்து வெச்சதை நனையாம வெக்க முடியாதுங்களா? ஒரு தார்ப்பாய் போட முடியாதா? கேட்டா எஸ்டிமேட் போடோணும், பில்டிங் எங்க கணக்குல வராது, அந்த செக்ஷன்ல கேளுங்க, இந்த செக்ஷன்ல கேளுங்க. மழை செக்ஷன் பாத்தா பெய்யுது?

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கோணும். நாங்க கேக்கறது கொஞ்சம்தானுங்க.

6. பீரோவை இந்த மழைக்குள்ள ஈரமில்லாத ரூமுக்கு மாத்தோணும். லாக் கேட் போட்டோ கட்டு உட்பட, எதையும் பழைய பேப்பருக்கு போடக்கூடாது. ஒட்டிக்கிட்டதை நாங்களோ வாட்ச்மேனோ பிரிக்கக் கூடாது, ஈரோடு அரசு அருங்காட்சியகத்துலயோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயோ தெரிஞ்சவங்களை வெச்சு பிரிக்கோணும். ஸ்கேன் பண்ணி ஊருக்கு ஒரு காப்பி குடுக்கோணும்.

7. மறுபடியும் கேக்கறோம், மொதல்ல பீரோவை மாத்துங்க. மத்தது பொறவு ஆகட்டும். வண்டி, தூக்கற ஆளு, தார்ப்பாய், ஸ்கேன் செலவு எல்லாம் பாசன சபைல பேசிட்டோம், நாங்க பாத்துக்கறோம். சாவி ஆபீஸ்ல இருக்குது, எங்ககிட்ட தர மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வரி உத்தரவு போட்டா அன்னிக்கே வந்து எடுத்துருவோம். இந்த தடவை மெசேஜ் வேண்டாமுங்க அய்யா, அந்த உத்தரவு காப்பியை குடுங்க.

இப்படிக்கு,
கடைமடை ஊர்க்காரங்க

இணைப்பு: பீரோவை போன்ல எடுத்த போட்டோ, பழைய மனு ரசீது ஜெராக்ஸ்