இரண்டாம் அத்தியாயம் பற்றி

அன்புள்ள கண்ணு,

உன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டதாமே. என்னிடம் நீ சொல்லவில்லை, சரி. அம்மா போனில் வந்ததை நானும் படித்தேன். உன் தமிழ் என் தமிழைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் ரசனை பார்க்கும் விமர்சகர் க.நா.சு.வுக்குப் பத்துப் பக்கம், மார்க்சிய விமர்சகர் கைலாசபதிக்குப் பத்துப் பக்கம் என்று பங்கு பிரித்துவிட்டாய். ராஜமய்யரின் நாவல் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எங்கே?

முதலில் நாவலைப் படி. ஒரே காட்சியை இருவரிடமும் கொடுத்துப் பார். ஊர்ப் பெண்கள் கூடி வம்பு பேசும் அந்த வம்பர் மகாசபையை எடுத்துக்கொள். க.நா.சு. வழியில் போனால், அந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறதா, கலையாகத் தேறுகிறதா என்பதுதான் கேள்வி. 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கிய விமர்சகர் செல்லப்பாவும் அந்தப் பக்கம்தான். ஆனால் அவர் வரிவரியாக அலசுகிறவர். இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறாய், அவிழ். ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) எழுதிய கைலாசபதி வழியில் போனால் கேள்வியே வேறு. அந்தப் பெண்களுக்கு ஊர்வம்பைத் தவிர ஏன் வேறு உலகம் இல்லை? 1893-ல் ‘விவேக சிந்தாமணி’ மாதப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி இதைத் தொடராக வாசித்தவர்கள் யார்? தொடராக வந்தது என்பதையே நீ எழுதவில்லை. மாதாமாதம் வந்த கதையை ஒரே மூச்சில் எழுதிய புத்தகம் மாதிரி அளக்கக் கூடாது.

பிற்பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி அய்யர் வேதாந்தத்துக்குத் திரும்பும் இடத்தில், வடிவம் பார்க்கிறவன் நாவல் உடைந்தது என்பான். வர்க்கம் பார்க்கிறவன், போக்கிடம் இல்லாதவர்கள் சாமியாரிடம் போனார்கள் என்பான். வேதாந்தி, கதையே இனிமேல்தான் என்பான். மூவர் கையும் தொடுவது ஒரே விரிசலை. அதை எழுது. ‘இருவர் சொல்வதும் ஓரளவு சரி’ என்று மட்டும் முடிக்காதே, அது பஞ்சாயத்துத் தீர்ப்பு. முதலில் நாவலைப் படி.

மேலே ஏற்காட்டில் சித்தப்பாவுக்குக் காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லையாம். சாப்பிடுகிறாயா?

இன்னொன்று. ராஜமய்யர் வைத்த தலைப்பின் முன்பாதியை விட்டுவிட்டாய்: ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. நானும் வகுப்பில் அதை வாசித்துவிட்டு நேரே தத்துவத்துக்குப் போய்விடுவேன். பழி காதில் விழுந்ததும் அந்த மனுஷன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டானா என்று எந்தப் பையனிடமும் நான் கேட்டதில்லை.

ஆடியில் செவ்வாய்ப்பேட்டை அத்தை வந்து சொல்லிவிட்டுப் போனாள். நீ உள்ளேதான் இருந்தாய். நான் உன்னைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி வரைக்கும் நடந்துவிட்டு வந்து, நீ போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

என் பழைய புத்தகத்தை அனுப்புகிறேன். பிற்பகுதி முழுக்கப் பென்சில் கோடு என்னுடையது. கமலாம்பாள் வரும் இடங்களில் ஒரு கோடும் இருக்காது. நீ போட்டுக்கொள்.

அப்பா