நிலம் ஆடி நின்ற பிறகு

நாகப்பட்டினம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். அதனால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். இதையாவது உட்கார்ந்து படி.

போன வாரம் ஜப்பானில், உன் ஊரில் நிலம் ஆடியதைப் பற்றிக் கேட்டேன். “சும்மா பின்னதிர்வுப்பா, இங்க யாரும் கண்டுக்கவே மாட்டாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், அது பின்னதிர்வா, பெரிதாக ஒன்று வருவதற்கு முன் வந்த முன்னதிர்வா என்று உனக்கும் தெரியாது, பெரிய விஞ்ஞானிக்கும் தெரியாது. எல்லாம் ஓய்ந்து, எது பெரியது என்று பார்த்த பிறகுதான் தெரியும். 2011 மார்ச் 9-ஆம் தேதி உன் ஊருக்கு எதிர்க் கடலில் 7.3 அளவில் ஒரு நிலநடுக்கம். அரை மீட்டர் அளவுக்குச் சின்னதாக ஒரு சுனாமியும் வந்து போனது. ஜனங்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். 11-ஆம் தேதி பகல் 2.46-க்கு 9.0 வந்தது. அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும் என்று ஒன்பதாம் வகுப்பில் உனக்கு நானே நடத்தியிருக்கிறேன். 7.3-க்கும் 9-க்கும் எத்தனை மடங்கு என்று நீயே போட்டுப் பார்.

அப்புறம் அந்தப் புது வீடு. நீ அனுப்பிய படத்தில் பால்கனியில் துணி காய்கிறது, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தடுப்புச் சுவர், சுவருக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கடல். செண்டாயில் நன்றாகத்தானே இருந்தாய், எதற்கு இஷினோமாகிக்கு மாறினாய் என்று நான் கேட்கவில்லை. வாடகை குறைவு என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா படத்தைப் பெரிதாக்கி வாசலில் கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடலைத்தான் பார்த்தேன்.

சுவர் இருக்கிறதே என்பாய். வடக்கே தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரத்துக்குச் சுவர் கட்டிவைத்திருந்தார்கள். 2011-ல் கடல் அதைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தது. உன் இஷினோமாகியில் மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

மீன்வளம் படித்தவளுக்கு நான் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். பசிபிக் தட்டு, அதாவது அந்தக் கடலுக்கு அடியில் இருக்கும் பெரிய பாறைப் பாளம், வருஷத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வாக்கில் ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. போகிற போக்கில் மேல்தட்டின் விளிம்பையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. நூற்றுக்கணக்கான வருஷம் வளைந்து கொடுத்த விளிம்பு, பிடி விட்ட நாளில், வளைத்துப் பிடித்த மூங்கில் கழி கை நழுவியதுபோல் விருட்டென்று நிமிர்கிறது. அந்த உதறல்தான் நிலநடுக்கம். கடலடி எழும்போது அதன்மேல் நிற்கிற மொத்தத் தண்ணீரும் எழுகிறதே, அது சுனாமி. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும், உயரமோ ஒரு மீட்டர்கூட இருக்காது. 2004-ல் ஆழக்கடலில் இருந்த நம் லாஞ்சுக்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனது அதனால்தான். கரையை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் கூடும்.

விளிம்பு ஒரே சீராக விடுபடுவதில்லை. ஓர் இடம் நழுவினால் அங்கிருந்த அழுத்தம் பக்கத்து இடத்தின்மேல் ஏறும். அதுவும் நழுவும். பின்னதிர்வுகள் இப்படித்தான் வருகின்றன. நாள் ஆக ஆகக் குறையும், ஆனால் இன்ன தேதியோடு முடிந்தது என்று கிடையாது. 2021 பிப்ரவரியில் புகுஷிமா கடலில் வந்த 7.3-ஐ, பத்து வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெரிய அதிர்வின் பின்னதிர்வு என்றுதான் ஜப்பான் வானிலை ஆய்வு மையமே சொன்னது. பின்னதிர்வு சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதே. 7.3 சின்னதா? கடலடியைத் தூக்கினால் பின்னதிர்வும் சுனாமி கொண்டுவரும்.

நம் கதையையே எடுத்துக்கொள். 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரைக்கும் 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்தது. அந்த அழுத்தம் தெற்கே பக்கத்துத் துண்டின்மேல் ஏறி, மூன்று மாதம் கழித்து 2005 மார்ச் 28 இரவு நியாஸ் தீவுப் பக்கம் 8.6 வந்தது. அன்றிரவு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு சிக்கல் ஊர் வரைக்கும் நடந்தோமே, அது அதற்காகத்தான். விடிந்ததும் எல்லோரும் வீணாக ஓடினோம் என்று திட்டினார்கள். நியாஸில் அந்த ராத்திரியே ஆயிரம் பேருக்கு மேல் செத்திருந்தார்கள். எனக்கு அந்த நடை வீண் இல்லை. 2012 ஏப்ரலில் அதே கடலில் மறுபடி 8.6, இரண்டு மணி நேரத்தில் 8.2. அப்போதும் மூட்டை கட்டினோம். அந்தத் தடவை பாறைகள் பக்கவாட்டில் நழுவின, கடலடி பெரிதாக எழவில்லை, அதனால் தண்ணீர் வரவில்லை. ஆனால் எழுந்ததா, பக்கவாட்டில் போனதா என்று வீட்டுக்குள் நின்றுகொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது பாப்பா. ஓடித்தான் ஆக வேண்டும்.

நமக்கு 2004-ல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. உனக்கு ஆள் இருக்கிறார்கள், சைரன் இருக்கிறது, நேரம்தான் இல்லை. அரை மணி, சில இடங்களில் அதற்கும் கீழே. முதலில் சொல்கிற அலை உயரத்தையும் நம்பி உட்காராதே. 2011-ல் உன் மியாகி மாகாணத்துக்கு முதலில் 6 மீட்டர் என்றார்கள், அப்புறம்தான் 10 மீட்டர் என்று மாற்றினார்கள். அதற்குள் ஏறக்குறைய அரை மணி நேரம் போய்விட்டது. பலமாக ஆடவில்லையே என்றும் இருந்துவிடாதே. 1896-ல் சான்ரிக்கு கரையில் மெதுவாகத்தான் ஆடியது, இருபதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கடல் உள்வாங்கினால் ஓடு. உள்வாங்காவிட்டாலும் ஓடு. ரொம்ப நேரம் ஆடினால் போதும், கிளம்பிவிடு.

உன் ஊரில் ஒகாவா தொடக்கப்பள்ளி இருந்ததே, அதைப் போய்ப் பார்த்தாயா? பள்ளிக்குப் பின்னாலேயே மலை. 2011-ல் ஆடி நின்றதும் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, எங்கே போவது என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல். 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள். வாழ்நாள் முழுக்க அசெம்பிளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவன் நான். அந்த மைதானத்தைப் பற்றிப் படித்த பிறகு பல நாள் தூக்கம் வரவில்லை. அதே நாளில் வடக்கே காமைஷியில் பள்ளிப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர் பிழைத்தார்கள். அந்தக் கரையின் பழைய வழக்கம் அது: அவரவர் ஓட வேண்டும், யாரையும் தேடிப் போகக் கூடாது. மற்றவரும் ஓடியிருப்பார் என்று நம்ப வேண்டும்.

ஆகவே நீ வேலையில் இருக்கும்போது ஆடினால் வீட்டுக்குத் திரும்பாதே. வீட்டில் இருப்பவர் உன்னைத் தேடி வரவும் கூடாது. ஹியோரியாமா மேட்டில் எந்த இடத்தில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பை தயாராக இருக்கட்டும்: டார்ச், பாஸ்போர்ட், இரண்டு பேருக்குத் தண்ணீர். மேலே ஏறிய பிறகு சொல்லும் வரை இறங்காதே. 2004-ல் முதல் அலை வடிந்துவிட்டது என்று அத்தை எதற்காகத் திரும்பிப் போனாள் என்று உனக்குத் தெரியும். அன்று இரண்டாவதுதான் பெரிது. இறங்காதே, எதை மறந்திருந்தாலும் இறங்காதே.

இந்தத் தெருவில் ஜப்பான்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசி வேலை வாங்கிய பிள்ளை நீ ஒருத்திதான். கேட்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் பெற்றவனிடம் பேச உனக்கு நாலு வார்த்தை கிடைக்க மாட்டேன் என்கிறது. பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

உன் வீட்டிலிருந்து அந்த மேட்டுக்கு நடந்தே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் உடனே எழுது. ராத்திரியில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் போடுகிறாள். இந்தத் தடவை காரம் குறைத்துப் போடட்டுமா என்று கேட்கச் சொன்னாள்.