வேலைநாளைக் குறைப்பதும் வேலையிழப்புத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் ஒரு ஹொட்டேலில் 11 வருடம் சலவைப் பகுதியில் வேலை செய்தவள் நான். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை சீசன். அந்த நாட்களில் தினமும் 60 படுக்கை விரிப்புகளாவது என் கையால் போகும். வாடைக்காற்று எழும்பினால் புறாத்தீவுக்கு ஓடும் படகுகள் கரையேறிவிடும், அறைகளும் பூட்டிக் கிடக்கும். இது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கடந்த ஒக்டோபரில், "இனிக் கிழமைக்கு மூன்று நாள் வாங்கோ அக்கா" என்று மனேஜர் சொன்னார். சம்பளம் பாதியானது. ஜனவரியில் அந்த மூன்று நாளும் இல்லை என்றாகிவிட்டது. கடிதம் கேட்டேன். "உங்களை நிப்பாட்டவில்லையே, சீசனுக்குக் கூப்பிடுவோம்தானே, எதற்குக் கடிதம்?" என்றார்.

அந்தப் பதிலை நம்பிப் பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்காவின் மகன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். அவனையும் போன வருடம் களஞ்சியசாலை வேலையில் இருந்து "கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள்" என்று அனுப்பினார்கள். முதலாளி ஒரு வேலைப் பதிவுப் பத்திரம் அனுப்ப வேண்டும், அது அங்கே சட்டம். இவன் அங்குள்ள வேலையில்லாக் காலக் காப்புறுதிக்கு இணையத்தில் விண்ணப்பித்தான். வேலை போய் நான்கு கிழமைக்குள் விண்ணப்பித்துவிட வேண்டுமாம். சராசரிச் சம்பளத்தில் 55 சதவீதம், ஒரு மேல் எல்லைக்கு உட்பட்டு, வங்கிக்கு வந்தது. இடையில் இரண்டு நாள் வேறு வேலைக்குப் போனபோதும் உதவியை ஒரேயடியாக வெட்டவில்லை. அங்கே உழைத்த ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் மட்டும் குறைத்தார்கள். இது தர்மம் இல்லை. அவனும் முதலாளியும் மாதாமாதம் கட்டிய காப்புறுதிப் பணம்.

இலங்கையில் அப்படி ஒன்று கிடையாது. என் பெயரில் ஈ.பி.எப்.புக்கு (ஊழியர் சேமலாப நிதி) நான் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்டியிருக்கிறோம். அதை எடுக்கப் பெண்களுக்கு 50 வயதாக வேண்டும், எனக்கு 47. முதலாளி மட்டும் கட்டும் 3 சதவீத ஈ.டி.எப்.பை (ஊழியர் நம்பிக்கை நிதி) வேலையை விட்டதும் எடுக்கலாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். சரி, அதையாவது எடுப்போம் என்று படிவத்தோடு போனால், முதலாளி உறுதிப்படுத்த வேண்டிய பகுதியில் வந்து நிற்கிறது. நிப்பாட்டவில்லை என்று சொல்பவர் எப்படிக் கையொப்பம் வைப்பார்? அரசாங்கத்தின் அஸ்வெசும உதவி, குடும்பத்தின் வறுமையைப் பார்த்துக் கொடுப்பது. ஒருவருக்கு வேலை போன மாதத்தை அது பார்ப்பதில்லை.

என் தங்கையின் வற்புறுத்தலில்தான் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிப்பாட்டுவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அந்தச் சட்டத்தில் நிப்பாட்டியதாகவே கொள்ளப்படும். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதமாக நான் வேலை போனவளா இல்லையா என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டம் பொருந்துவதற்கு, வேலை போவதற்கு முந்திய ஆறு மாதத்தில் அந்த இடத்தில் சராசரியாக 15 பேராவது வேலை செய்திருக்க வேண்டுமாம். அன்றிரவு இருந்து எண்ணினேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை 22 பேர், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை 12 பேர். சராசரி 17. ஈ.பி.எப். பட்டியலில் இருப்பதோ 9 பெயர்கள். மிச்சப் பேர் இருந்ததற்கு என் கைபேசியில் உள்ள வேலைநேர அட்டவணைப் படங்கள்தான் சாட்சி. அதனால் என் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்: சம்பளச் சிட்டையை எறியாதீர்கள், அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள், வேலை போய் ஆறு மாதத்துக்குள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.

வேலையில்லாக் காலத்துக் கொடுப்பனவு இந்த நாட்டுக்குக் கட்டாது என்று சொல்ல வேண்டாம். 2020 மே மாதத்தில் அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி, கொரோனாவால் வீட்டில் இருந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுக்க இணங்கினார்கள். என் மகளின் ரியூஷன் காசு அப்போது அதில்தான் போனது. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2022இல் எரிபொருள் வரிசை என்று ஹொட்டேல்கள் வெறிச்சோடிய மற்ற நேரங்களில் எங்களுக்கு அதுவும் இல்லை. அன்று அவசரத்துக்குச் செய்ததை இரண்டு பக்கமும் பணம் கட்டும் நிரந்தரக் காப்புறுதியாக்க வேண்டும். வேலைநாளைக் குறைத்தால் அதை எழுத்தில் கொடுப்பதையும் கட்டாயமாக்க வேண்டும்.

என்னோடு விரிப்பு மடித்த இரண்டு பிள்ளைகள் கன்னியாவில் இருந்து வருவார்கள். சீசனுக்கு மட்டும் எடுப்பதால் வருடத்தில் 150 நாள்தான் அவர்களுக்கு வேலை. நான் சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 12 மாதத்தில் 180 நாள் வேண்டும். முறைப்பாடு கொடுக்கக்கூட அவர்களுக்கு இடமில்லை. காப்புறுதித் திட்டம் வந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு வரவேண்டும்.

ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை