செயலாளரின் ஆண்டறிக்கை: ரொறன்ரோ தமிழ் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்கள்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொங்கல் விழா நடந்தது. கோடை ஒன்றுகூடல் மழையோடு நடந்தது. நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது; ஆள் சேராமல் கலைந்த கூட்டங்களும் உண்டு.

இந்த ஆண்டின் பெரிய வேலை மாதிரி நீதிமன்றப் பயிற்சி. "செயலாளர் சங்கத்தைப் பள்ளிக்கூடமாக்கிவிட்டார்" என்று நமது வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்தில் மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பாளர் கிடைப்பது அரசாங்கம் பார்த்துச் செய்யும் தயவு இல்லை. கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை அது. அந்த உரைபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் கனடா உச்ச நீதிமன்றம் 1994இல் ட்ரான் வழக்கில் சொல்லிவிட்டது: இடையில் அறாமல், துல்லியமாக, பக்கம் சாராமல், தகுதியுள்ள ஒருவரால், உடனுக்குடன். நோவா ஸ்கோஷியாவில் நடந்த அந்த வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வியத்நாமியர். உரைபெயர்ப்பாளரையே எதிரித் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் தன் பதில்களையும் கடைசியில் இரண்டே வரியாகச் சுருக்கி எதிரியிடம் சொன்னார். அதுவே தீர்ப்பை ரத்துச் செய்து மறுவிசாரணைக்கு அனுப்பப் போதுமாக இருந்தது. சுருக்கியதால் எதிரிக்கு என்ன பாதகம் வந்தது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது.

இதைப் பயிற்சியில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் மேசைகளைத் தள்ளிப் போட்டு ஒத்திகை பார்த்தோம். மிரட்டல் வழக்கு. சாட்சியாக நடித்த தங்கச்சி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே, தூஷணத்தோடு, மூச்சுவிடாமல் ஒப்பித்தார். உரைபெயர்த்த அண்ணன் நம்மில் மூத்தவர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "கெட்ட வார்த்தையால் ஏசினார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபமே சிரித்தது. ஆனால் என்ன சொல்லி மிரட்டினார் என்பதுதானே அங்கே வழக்கு! நீதவான் அதை எங்கே போய்த் தேடுவார்? அடுத்த சுற்றில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். அவருக்கு என் மரியாதை.

சாட்சி "நான் அடித்தேன்" என்றால் நாமும் "நான் அடித்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அடித்தாராம்" என்று தொடங்கினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவு குழம்பும். நமக்கு ஒன்று விளங்காவிட்டால், "உரைபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சாட்சியோடு தமிழில் குசுகுசுத்துத் தீர்த்துக்கொள்ளக் கூடாது. தாழ்வாரத்தில் எதிரியின் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்வது, "இந்தச் சட்டத்தரணி நல்லவர்" என்று அட்டை கொடுப்பது எல்லாம் ஊர்ப்பாசம் இல்லை, ஒழுக்கக்கேடு. இதற்கு மேல் நான் பெயர் சொல்லவில்லை.

இன்னொன்று. ஒருவர் பேசப் பேசவே காதோடு உடனுக்குடன் உரைபெயர்ப்பது அரை மணி நேரம் தாண்டினால் எவருக்கும் பிழை கூடும். நீண்ட விசாரணைக்கு இருவர் மாறி மாறிச் செய்வதே முறை. தனியாக அனுப்பினால் இடைவேளை கேளுங்கள். "நான் சமாளிப்பேன்" என்று நாள் முழுக்க நிற்பவர் தனக்கு மட்டும் கெடுதல் செய்யவில்லை. அடுத்த நாள் அதே கதிரைக்கு வருபவரும் தனியாகத்தான் நிற்க வேண்டிவரும்.

இனி வராதவர்கள். பயிற்சி வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கை தூக்கியவர்களில் பாதிப்பேரைப் பயிற்சியில் காணவில்லை. "இத்தனை வருசமாக நீதிமன்றத்துக்குப் போகிறேன், எனக்கென்ன பயிற்சி?" என்பது ஒரு பதில். உரைபெயர்ப்பாளர் தேர்வில் முழுத் தேர்ச்சி இல்லாமல் நிபந்தனையுடனான அங்கீகாரத்தோடு நிற்பவர்களே இப்படிச் சொல்வதுதான் எனக்கு வியப்பு. அந்தத் தேர்வில் பார்வை மொழிபெயர்ப்பு (எழுத்தைப் பார்த்து வாயால் பெயர்ப்பது), தொடர் உரைபெயர்ப்பு (பேசுபவர் நிறுத்தியதும் பெயர்ப்பது), உடனுக்குடன் உரைபெயர்ப்பு மூன்றும் உண்டு. நாம் பயிற்சியில் செய்ததும் அதே மூன்றுதான்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. சுருக்கமாக: வரவு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் கூட, மண்டப வாடகையே அதில் பெரும்பங்கு. கையிருப்பு இருக்கிறது, அதை வைத்து அதிகம் கனவு காண முடியாது. சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியல் என்னிடம் உண்டு. மரியாதை கருதி இங்கே வாசிக்கவில்லை. தேநீருக்கு முன்வரிசையில் நிற்பவர்கள் சிலரும் அதில் இருக்கிறார்கள்.

இலவசமாக வந்து பேசிய சட்டத்தரணிகளுக்கும், நாற்காலி அடுக்கிய இளையவர்களுக்கும், சிற்றுண்டி கொண்டுவந்த சகோதரிகளுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பயிற்சியைத் தொடர எனக்கு ஆசை. பிணை விசாரணையையும் குடும்ப வழக்கையும் தனித்தனியாக ஒத்திகை பார்க்கலாம். ஆனால் மண்டபத்துக்கு முற்பணம் இந்த மாதமே கட்ட வேண்டும், அதற்குச் சந்தா வர வேண்டும். செயலாளர் பதவிக்கு இதுவரை எவரும் மனுக் கொடுக்கவில்லை. வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளையும் மண்டபச் சாவியையும் இன்றே சந்தோசமாகக் கொடுத்துவிடுவேன். எவரும் வராவிட்டால் நானே தொடரத் தயார். அப்படியென்றால் பயிற்சியும் தொடரும், யார் வந்தார் என்று குறிக்கும் வரவு இடாப்பும் இருக்கும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் இருக்கிறார். காசோலையும் வாங்குவார்.

இங்ஙனம்,
செயலாளர்