வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரயில்

அயோவா சிட்டி, அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிரைப் பற்றிப் போனிலேயே புலம்பியாயிற்று, விடுங்கள். இங்கே ரயில் எப்படி என்று கேட்டீர்களே, அதற்கு இந்தக் கடிதம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒற்றைப் பாதை. கூட்ஸ் மட்டும்தான், பெரும்பாலும் மக்காச்சோளம், எத்தனால். பயணிகள் வண்டி 1970-இலேயே நின்றுபோனது. 1898-இல் கட்டிய ஸ்டேஷன் இன்னும் அழகாக இருக்கிறது, டிக்கெட் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது ஓட்டுவது அயோவா இன்டர்ஸ்டேட் கம்பெனி, 1984-இல் தொடங்கியது. பாதை அதைவிட ரொம்ப மூத்தது. முதலில் போட்டது மிசிசிப்பி அண்ட் மிசௌரி என்ற கம்பெனி. அப்போது இந்த ஊர்தான் மாநிலத் தலைநகர். 1856 பிறப்பதற்குள் வண்டி வந்தால் 50,000 டாலர் தருவதாக ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். கடைசி ராத்திரி என்ஜின் குளிரில் உறைந்து நிற்க, கடப்பாரையால் நெம்பியே ஊருக்குள் கொண்டுவந்தார்கள் என்று கதை. இங்கே ஒரு ஜனவரியைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள்.

அதே 1856 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றுக்குக் குறுக்கே முதல் ரயில் பாலம் திறந்தார்கள். இரண்டு வாரம்தான். எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு தூணில் மோதி எரிந்தது, பாலத்திலும் ஒரு பகுதி போயிற்று. படகுக்காரர் வழக்குப் போட, பாலத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்! ஜூரிகள் ஒருமித்து முடிவு சொல்லவில்லை; பாலம் பிழைத்தது.

கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரண்டு ரயில் கம்பெனிகள் 1874-இல் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனதைச் சொல்வீர்களே, இங்கே அதுபோல ஒன்று 1866-இல் நடந்தது. பாதை போட்ட மிசிசிப்பி அண்ட் மிசௌரி, சிகாகோ பக்கத்துக் கம்பெனியோடு சேர்ந்து ராக் ஐலண்ட் ஆனது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் நஷ்டம் முற்றி யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனியோடு இணையக் கேட்டார்கள். அரசாங்கத்தில் ஃபைல் பத்து வருஷம் கிடந்தது. அனுமதி வந்தபோது தண்டவாளமும் பெட்டிகளும் இருந்த நிலையைப் பார்த்து யூனியன் பசிபிக் நழுவிவிட்டது. 1975-இல் திவால், 1979-இல் வேலைநிறுத்தம், 1980 மார்ச் 31-ஓடு சரி.

மற்ற இடங்களில் தண்டவாளத்தைப் பிடுங்கி விற்றார்கள். இந்தப் பாதை தப்பியதற்குக் காரணம் பாதையோரத் தொழிற்சாலைக்காரர்கள். ரயில் போனால் தங்கள் பிழைப்பும் போகும் என்று பணம் போட்டு, ஹார்ட்லேண்ட் என்ற பெயரில் பாதையை வாங்கினார்கள். பெரிய கம்பெனியால் முடியாததைச் சரக்கு அனுப்புகிறவர்களே செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்களுக்காக இரண்டு விஷயம். 2006-இல் சீனாவிலிருந்து இரண்டு நீராவி என்ஜின்களைக் கொண்டுவந்து இதே பாதையில் ஓட்டினார்களாம். அப்புறம், இங்கே வண்டிக்குப் பின்னால் பிரேக் வேன் என்ற கார்டு பெட்டி இல்லை, அதில் கார்டும் இல்லை. கடைசிப் பெட்டியில் ஒரு மின்னும் விளக்குப் பெட்டி, அது பிரேக் காற்றழுத்தத்தை ரேடியோவில் டிரைவருக்குச் சொல்லிவிடும். நீங்கள் கொடி பிடித்த வேலை அது. திட்டுவீர்கள், தெரியும், திட்டி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்