கத்தி தயாராக இருக்கட்டும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே தடைக்காலம் முடிந்து மண்டபம் விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன.

போன வாரம் ஒரு மீனவர் வந்தார். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, தாடைக்குக் கீழே கழுத்தெல்லாம் கல்லாக வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்தபடி, உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். மதுரைக்கு அனுப்பினால் பரமக்குடி தாண்டுவதற்குள் அடைத்துவிடும் என்று தோன்றியது. மயக்கம் கொடுக்காமல் தொண்டையை மட்டும் மரக்கவைத்து, மூக்கு வழியாக ஸ்கோப் விட்டு மூச்சுக்குழாயில் டியூப் போட்டோம். ஆனால் டியூப் போகாவிட்டால் கழுத்தை வெட்டித்தான் மூச்சுக்கு வழி திறக்க வேண்டும் என்பதால், அதற்கு முன்பே கிரிக்கோதைராய்டு சவ்வு (குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள மெல்லிய சவ்வு) இருக்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். விரலுக்குத் தட்டுப்படவில்லை, அல்ட்ராசவுண்ட் வைத்துத்தான் கண்டுபிடித்தோம். சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நல்லவேளை, வெட்ட வேண்டி வரவில்லை. ஆள் இப்போது கஞ்சி குடிக்கிறார்.

அப்புறம் பயிற்சி டாக்டர் பெண் கேட்டாள், வெட்டாமல் அந்தச் சவ்வில் ஊசி குத்தினால் போதாதா என்று. 2011-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், மெல்லிய ஊசிக் குழாய் போட்டவற்றில் சுமார் 60 சதவீதம் தோற்றிருந்தன. அதனால்தான் பெரியவர்களுக்கு அங்கே வந்த 2015 வழிகாட்டுதல் கத்தியையே சொன்னது: 10-ஆம் எண் பிளேடு, பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் வளையும் நீளக் குச்சி), 6 மில்லிமீட்டர் கஃப் டியூப் (நுனியில் காற்றடைக்கும் பை உள்ளது). கறிக்கடை பாய் எடுத்துவைக்கும் ஆட்டுக் குரல்வளையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இடது கையால் குரல்வளையை அசையாமல் பிடி. சவ்வில் குறுக்கே குத்து, கூர்ப்பக்கம் காலைப் பார்க்கும்படி பிளேடைத் திருப்பு, அதை ஒட்டியே பூஜியை இறக்கு, அதன் மேல் டியூப். பூஜி மூச்சுக்குழாய் வளையங்களில் தட்டித் தட்டிப் போவது விரலுக்குத் தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

கை பழகிவிடும் மாப்ளே. எனக்குக் கவலையெல்லாம், "இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று லாரிங்கோஸ்கோப்பை (வாய் வழியாகக் குரல்வளையைப் பார்த்து டியூப் போடும் கருவி) கீழே வைக்காமல் நிற்கிறோமே, அதுதான். 2005-ல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற இளம் தாய் சைனஸ் ஆபரேஷனுக்குப் போய் இப்படித்தான் இறந்தார். கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி திறக்கும் டிராக்கியாஸ்டமி செட் தயார் என்று நர்ஸ் சொல்லியும், டாக்டர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே இருந்தார்கள். அதனால் எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டியூபும் போகவில்லை, ஆக்சிஜனும் ஏறவில்லை என்றால் அதை யார் வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டால் அடுத்தது கத்திதான். பெரிய டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஊருக்கு வரும்போது உங்கள் ஆஸ்பத்திரியில் கழித்துப்போடும் பூஜி இருந்தால் கேட்டு எடுத்து வா, பயிற்சிக்கு ஆகும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழன்